கட்டெறும்பின் பக்கத்து நாற்காலி

அப்பாவுக்குக் கண் நன்றாகவே தெரியும். ஆனாலும் வங்கி, ஆஸ்பத்திரி, என் பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் அவர் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார். "கண்ணாடி மறந்துட்டு வந்துட்டேன், கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?" சொல்லும்போது சட்டைப் பையை ஒருமுறை தட்டிக்கொள்வார். அவரிடம் கண்ணாடியே கிடையாது.

அம்மாகூட அதை நம்பியிருந்தாள். சின்ன வயதில் கொஞ்சம் படித்தவர், இப்போது கண் மங்கிவிட்டது என்றே நினைத்தாள். அதனால் ஒருநாள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரைக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனாள். நானும் கூடப் போயிருந்தேன்.

கடைக்காரர் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைக் காட்டி, "இந்த வரி தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியல."

"அதுக்கு மேல?"

"தெரியல."

உச்சியில் தட்டு அளவுக்கு ஒரே ஒரு எழுத்து இருந்தது. அதுவும் தெரியவில்லை என்றார் அப்பா. கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணாடி வில்லைகளை மாற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் அப்பாவுக்கே அவர்மேல் இரக்கம் வந்து, "இப்ப பரவாயில்ல" என்றார்.

பாட்டில் அடிப்பாகம் மாதிரி தடிமனான கண்ணாடி ஒன்று வீட்டுக்கு வந்தது. அதைப் போட்டுக்கொண்டு அப்பா இல்லாத படியில் கால் வைத்தார், இருந்த படியில் இடறினார். தலைவலி என்று சாயங்காலமே படுத்துவிடுவார். ஒருநாள் சாப்பிடும்போது தம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீரை ஊற்றினார். அம்மா கண்ணாடியைக் கழற்றித் தன் கண்ணில் வைத்துப் பார்த்தாள். பிறகு அதைத் தரையில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"உண்மையச் சொல்லுங்க. கண்ணு தெரியலையா, எழுத்து தெரியலையா?"

அப்பா சிந்திய தண்ணீரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தரை காய்ந்த பிறகும் துடைத்தார்.

இப்படித்தான் அவர் வாசிப்பு வகுப்புக்கு வந்து சேர்ந்தார்.

வகுப்பு நடப்பது எங்கள் தெருமுனையில், டயர்க்கடைக்கு மேல் உள்ள அறையில். ஏறும்போதே ரப்பர் வாசனை கூடவே ஏறிவரும். கீழே டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரம் அடிக்கடி உறுமும். அது ஓடினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அதனால் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. இயந்திரம் ஓடத் தொடங்கினால் எல்லோரும் படித்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அதுதான் இந்த வகுப்பின் உயிர். ஒரு பெரியவருக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்காரும். ஆளுக்கு ஒரு வாக்கியம் மாற்றி மாற்றிப் படிப்பார்கள், ஒருவர் தப்பை மற்றவர் திருத்துவார். ஆனால் சொந்தப் பிள்ளையோடு சொந்தப் பெற்றோர் உட்காரக் கூடாது. வகுப்பை நடத்துகிறவர் பகலில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். எல்லோருக்கும் அவர் டீச்சரக்கா. ஏன் இந்த விதி என்று கேட்டால், "சொந்தப் புள்ளைன்னா குட்டு விழும், சொந்த அப்பான்னா மானம் போகும். ரெண்டுலயும் படிப்பு ஓடிப்போயிடும்" என்பார்.

என் தம்பி சலூன்காரரோடு உட்கார்ந்தான். "நீ படி ராஜா, நான் தலையாட்டுறேன். ஊர்ல எல்லார் தலையையும் ஆட்டிட்டேன், என் தலைய ஆட்ட இப்பதான் நேரம் கிடைச்சிருக்கு" என்பார் அவர். டீச்சரக்கா முறைத்தால் உடனே புத்தகத்துக்குள் முகத்தை விட்டுக்கொள்வார். நான் தம்பியைக் கூட்டிவந்து, முடியும்வரை வாசலோரப் பெஞ்சில் காத்திருப்பேன். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் இருந்த எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

அப்பாவுக்குக் கிடைத்த ஜோடி ஒரு தையல்காரம்மாவின் மகள். எட்டு வயது இருக்கும். வீட்டில் வாய் ஓயாதாம், ஆனால் புத்தகத்தைத் திறந்தால் வாய் மூடிக்கொள்ளும். பள்ளியில் ஒருமுறை சத்தமாகப் படிக்கச் சொன்னபோது எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு அவள் யார் முன்னாலும் படிக்கவில்லை. இந்த வருடமும் படித்துக் காட்டாவிட்டால் அதே வகுப்பில்தான் உட்கார வைப்போம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளுடைய அம்மா டீச்சரக்காவிடம் அதைச் சொன்னபோது கையில் ஊசி குத்தியவள்போல விரல்களைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

முதல் நாட்களில் அந்தப் பெண் ஒரு தந்திரம் செய்வாள். கீழே இயந்திரம் ஓடும்போது மட்டும் உதட்டை அசைப்பாள். நின்றதும் உதடும் நின்றுவிடும். அப்பா அவளைப் பார்க்கவே மாட்டார். தன் வாக்கியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் அவர் 'மூட்டை' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டு எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்து மெல்லிய, எரிச்சலான குரல் வந்தது.

"மூட்டை."

"என்ன தாயி?"

"மூட்டை. நீங்க முட்டை முட்டைன்னு சொல்றீங்க."

"முன்னாடி கிடங்குல நாள் முழுக்கத் தூக்குனது, எழுத்துல பாத்தா அடையாளம் தெரியல பாரு" என்றார் அப்பா. அவள் சிரிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு தப்புக்கும் சுருக்கென்று கடித்தாள். கடித்த கையோடு அந்த வாக்கியத்தை முழுதாகப் படித்தும் காட்டினாள். அப்பா அவளுக்குக் கட்டெறும்பு என்று பெயர் வைத்தார்.

இதெல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கிடங்கிலிருந்து அந்த உத்தரவு வரும்வரை.

அப்பா வேலை செய்வது குளிர்பதனக் கிடங்கில். முன்பு லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர். இடுப்பெலும்பு விலகி, இனி பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, குளிர் அறைக்குள் பெட்டிகளைக் கைவண்டியில் நகர்த்தும் வேலைக்கு மாற்றினார்கள். குளிர் எலும்புவரை இறங்கும், ஆனால் குனிய வேண்டியதில்லை. அங்கே 'வாயுக் கசிவு, உள்ளே வராதீர்கள்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்த ஓர் அறைக்குள், படிக்கத் தெரியாத ஒருவர் வண்டியோடு போய்விட்டார். வெளியே வந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, உள்ளே வேலை செய்பவர்களுக்கு அறிவிப்புகளைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். வகுப்பிலிருந்து இந்த மாதத்துக்குள் கடிதம் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் பழையபடி வெளியே லாரிக்குப் போக வேண்டும்.

அம்மா அன்று முதல் சரியாகத் தூங்கவில்லை. "என்ன, படிப்பு ஏறுதா?" என்று தினமும் கேட்பாள். "ஏறுது ஏறுது" என்பார் அப்பா. ஆனால் பெஞ்சிலிருந்து பார்க்கும் எனக்குத் தெரியும், ஏறவில்லை. மற்றவர்கள் பக்கம் பக்கமாகப் போக, அப்பா இன்னும் இரண்டாவது வரியில் திணறிக்கொண்டிருந்தார். டீச்சரக்கா என்னைத் தனியாக அழைத்து, "உங்கப்பா வீட்டுல புத்தகத்தைத் தொடுறாராம்மா? நான் பொய்யா கடிதம் எழுதித் தர முடியாது. நாளைக்கு வேற யாராவது அந்த அறைக்குள்ள போய் விழுந்தா?" என்றார்.

மறுநாள் காலை நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அப்பா வேலைக்குக் கிளம்பியவர் அதைக் கடந்து இறங்கிக்கொண்டே மேலே பார்த்துச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை குழாய் பழுது பாக்குறாங்களாம். காலையில தண்ணி வராது, உங்கம்மாகிட்ட முன்னாடியே பிடிச்சு வைக்கச் சொல்லு."

இறங்கிப் போய்விட்டார். நான் அறிவிப்பைப் பார்த்தேன். சின்ன எழுத்தில் நெருக்கமாக எட்டு வரி. எனக்கே நின்றுதான் படிக்க வேண்டியிருந்தது.

அன்று மாலை வகுப்பில் அப்பா 'மரம்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டார். அடுத்த வரியில் இருந்த 'பாதுகாப்பு' என்ற சொல் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. நான் மேசைக்கு அடியில் அவர் காலைப் பார்த்தேன். எழுத்து உண்மையாகவே பிடிபடாதபோது அப்பாவின் கால் கட்டைவிரல் தரையைச் சுரண்டும். முதல் நாட்களில் அந்தச் சுரண்டல் பெஞ்சுவரை கேட்கும். இப்போது அந்த விரல் சும்மா இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது தம்பியை முன்னால் ஓடவிட்டு நான் கேட்டேன்.

"அப்பா, உங்களுக்குப் படிக்கத் தெரியுது."

"கொஞ்சம்."

"கொஞ்சம் இல்ல. வேணும்னே திக்குறீங்க. ஏன்ப்பா?"

அவர் தம்பி ஓடும் திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒருநாள் ஒரு பக்கத்தைத் தப்பில்லாம படிச்சேன்மா. உனக்குக்கூடச் சொல்லணும்னு இருந்தேன். பக்கத்துல பாத்தா கட்டெறும்பு புத்தகத்தை மூடி மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. அதுக்கப்புறம் மூணு வகுப்பு வாயே திறக்கல. இவரும் இப்போ நல்லா படிக்கிறாரு, நாம படிச்சா சிரிப்பாருன்னு நினைச்சிருக்கும் போல. நாலாவது நாள் வகுப்புல நான் தப்பா படிச்சேன். உடனே கடிச்சிருச்சு."

"அதுக்காக?"

"என்னைத் திருத்துற சாக்குலதான் அது படிக்குது. சாக்கு போச்சுன்னா படிப்பும் போயிரும்."

இதை நான் அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. அம்மா குரலை உயர்த்தாமல் கேட்டாள். "ஊரார் புள்ளைக்குப் பாடம் எடுக்குறீங்க, சரி. உங்க இடுப்புக்கு யாரு பாடம் எடுப்பா? லாரியில ஏறி நின்னு அந்தப் புள்ளைய வந்து தூக்கச் சொல்லுவீங்களா?"

"இன்னும் நாள் இருக்கு."

"எத்தனை நாள்னு எண்ணத் தெரியுமா, அதுக்கும் கண்ணாடி வேணுமா?"

அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை.

நான் டீச்சரக்காவின் மருந்துக்கடைக்கே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் ஒரு கணம் நின்றது. "நான்தான் முட்டாளா, அவரு அவ்வளவு கெட்டிக்காரரா தெரியல" என்றார். பிறகு, "ஆனா கடிதம் நான் தனியா கொடுக்குறதில்லம்மா. வர்ற சனிக்கிழமை நம்ம வகுப்போட தலைமை அலுவலகத்துல இருந்து ஒரு அம்மா வர்றாங்க. ஜோடியா உக்கார வெச்சு, புதுப் பக்கம் கொடுத்து, ரெண்டு பேரையும் படிக்க வைப்பாங்க. அதுல அவர் படிச்சாகணும். அந்தப் புள்ளைக்கும் அதே பக்கம்தான். அதுக்குக் கிடைக்கிற குறிப்பைத்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவோம்" என்றார்.

அதாவது அப்பா கட்டெறும்புக்கு முன்னால்தான் படிக்க வேண்டும். நன்றாகப் படித்தால் அவளுடைய வாய் மூடிக்கொள்ளும். திக்கினால் லாரி. இதைச் சொன்னபோது அப்பா வழக்கம்போல, "பாத்துக்கலாம்" என்றார். ஆனால் அன்று சாப்பாட்டில் உப்பு இல்லாததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை அறை நிறைந்திருந்தது. தையல்காரம்மா அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்து சுவரோரம் நின்றாள். அம்மாவும் வந்திருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். அலுவலகத்து அம்மா நல்லவராகத்தான் தெரிந்தார். ஒவ்வொருவருக்கும் பொறுமையாகக் காத்திருந்தார். சலூன்காரர் படித்து முடித்ததும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "கத்தி பிடிக்கும்போதுகூட இவ்வளவு நடுங்கினதில்ல" என்றார். அறையே சிரித்தது. கட்டெறும்பு மட்டும் சிரிக்கவில்லை. அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்தாள்.

அப்பாவின் முறை வந்தது. பக்கத்தைக் கையில் கொடுத்தார்கள். அப்பா அதைப் பார்த்தார். பிறகு அவர் கை மெல்ல எழுந்து சட்டைப் பையைத் தட்டியது.

அந்தக் கை எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கை. அடுத்து வரும் வாக்கியமும் தெரிந்ததுதான். அம்மா முந்தானை நுனியை வாயில் வைத்துக்கொண்டாள்.

பையில் ஒன்றும் இல்லை. கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அப்பா அதை எடுத்து மேசைமேல் வைத்தார். கட்டெறும்பைத் திரும்பிப் பார்க்காமல் படிக்கத் தொடங்கினார்.

ஓர் ஆற்றைப் பற்றிய பக்கம். வெள்ளம் வந்ததும் பாலத்தின் மேல் யாரும் நடக்க வேண்டாம் என்று எச்சரிக்கும் காவலாளியைப் பற்றியது. அப்பா ஒரு சொல்லிலும் நிற்கவில்லை. அவருடைய குரல் எனக்கே புதிதாக இருந்தது, யாரோ வேறு ஆள் படிப்பதுபோல. முடித்தபோது அலுவலகத்து அம்மா, "ரொம்ப நல்லா படிச்சீங்க ஐயா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

"இப்போ நீ படி கண்ணு."

கட்டெறும்பு பக்கத்தைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவளுடைய அம்மா சுவரோரத்திலிருந்து, "படிடா தங்கம், படி" என்று கெஞ்சினாள். கீழே இயந்திரம் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. அவள் உதடுகூட அசையவில்லை. கடைசியில் அலுவலகத்து அம்மா, "பரவாயில்ல, அடுத்த மாசம் வர்றேன்" என்று எழுந்துவிட்டார்.

கடிதம் கிடங்குக்குப் போனது. அப்பா குளிர் அறையிலேயே இருந்தார். பல நாளுக்குப் பிறகு அன்றிரவு அம்மா குறட்டைவிட்டாள். அப்பாதான் புரண்டுகொண்டிருந்தார்.

அடுத்த வகுப்புக்குக் கட்டெறும்பு வரவில்லை. அதற்கடுத்த வகுப்புக்கும் வரவில்லை. டீச்சரக்கா, "உங்களுக்குத்தான் கடிதம் கிடைச்சாச்சே, வேற ஜோடி தரவா?" என்று கேட்டார்.

"வேணாம்மா. நான் இங்கயே உக்காந்துக்குறேன்."

காலி நாற்காலிக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தார். இயந்திரம் ஓடும்போது மற்றவர்களைப் போலவே விரலை வைத்துக் காத்திருந்தார், படிக்காமலேயே. எனக்குக் கோபமாக வந்தது. அவர்மேலா, அந்தப் பெண்மேலா, ஜோடி ஜோடியாகச் சோதிக்கிறவர்கள்மேலா என்று தெரியவில்லை. தையல் கடைக்குப் போய்ப் பார்க்கலாம் என்றேன். "வேணாம். நாம போய் நின்னா பயந்துக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு வந்த ஒரு மாலையில் படியில் சின்னக் காலடி கேட்டது. கட்டெறும்பு வந்தாள். அவள் மார்போடு அணைத்திருந்தது வகுப்புப் புத்தகம் இல்லை. அவளுடைய அண்ணன் மேல்வகுப்பில் படிக்கும் தடித்த அறிவியல் புத்தகம். நேராக வந்து அப்பாவுக்கு முன்னால் தொப்பென்று போட்டாள்.

"என்னை ஏமாத்துனீங்க."

அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "ஏமாத்தல தாயி." பிறகு, "கொஞ்சம் ஏமாத்துனேன். தப்புதான்" என்றார்.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி."

"முதல்ல நிஜமாவே தெரியல. நீதானே கடிச்சுக் கடிச்சுத் தெரிய வெச்ச."

தன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, புத்தகத்தில் எங்கோ நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தாள். தேடி அடையாளம் வைத்துக்கொண்டு வந்த பக்கம் என்று பார்த்தாலே தெரிந்தது.

"இதைப் படிங்க பாக்கலாம்."

அப்பா குனிந்தார். "தாவரங்களின் இலைகளில்..." என்று ஆரம்பித்தார். அடுத்த சொல் வரியின் பாதி நீளத்துக்கு இருந்தது. பிடித்தார், விட்டார், மறுபடி முதலிலிருந்து வந்தார்.

"நிஜமாவா திக்குறீங்க?"

"சத்தியமா, தாயி."

அவள் நம்பாமல் அவர் முகத்தையே பார்த்தாள். பெஞ்சிலிருந்து எனக்கு மேசைக்கு அடியில் தெரிந்தது. அப்பாவின் கால் கட்டைவிரல் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

அவர் நெற்றியில் வியர்வையைப் பார்த்தாளோ என்னவோ, கட்டெறும்பு பெருமூச்சுவிட்டுப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "பச்... பச்சை..." என்று தொடங்கினாள். அவளுக்கும் அந்தச் சொல் எளிதாக இல்லை. அதே நேரம் கீழே இயந்திரம் உறுமத் தொடங்கியது. அறையில் எல்லோரும் விரலை வைத்துக்கொண்டு நிறுத்தினார்கள். என் தம்பி நிறுத்தினான். சலூன்காரர் நிறுத்தினார்.

அவள் நிறுத்தவில்லை. அப்பாவுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகக் குரலை உயர்த்தினாள். இயந்திரம் இன்னும் உறுமியது, அவளும் இன்னும் உயர்த்தினாள். அப்பா காதை அவள் பக்கம் சாய்த்து, அவள் சொல்லும் ஒவ்வொரு துண்டையும் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார். சட்டென்று இயந்திரம் நின்றது. அவள் குரல் மட்டும் அறை முழுக்க நின்றது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலை நிமிர்ந்தது. இப்போது மூடிக்கொள்வாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். டீச்சரக்கா கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். யாரும் சிரிக்கவில்லை.

அப்பா பக்கத்தில் விரலை வைத்தபடியே, "அப்புறம்? நான் எங்க விட்டேன்னே தெரியல" என்றார்.

"இங்க" என்று அவருடைய விரலை நகர்த்தி வைத்துவிட்டு, அவள் அடுத்த வரியைப் படித்தாள்.